துளை போடாமல் ஒரு வானொலி



பழைய காரில் புதிதாக ஒரு கருவியைப் பொருத்துவது பற்றி இன்று எழுதுகிறேன். காரைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நான் சொந்தமாகக் கார் வைத்துக்கொண்டவன் இல்லை. லிசேவில் பிரெஞ்சு வழியில் படித்து, புதுச்சேரி அரசில் எழுத்தராகச் சேர்ந்து, சைக்கிளில் தொடங்கி ஸ்கூட்டரில் ஓய்வு பெற்றவன். ஆனால் 2018ல் ஆறு மாதம் மோன்ரேயாலில் மகள் வீட்டில் இருந்தபோது, மாப்பிள்ளையின் பழைய காரில் செயற்கைக்கோள் வானொலி பொருத்தும் வேலையில் சரிபாதி என்னுடையது. திருப்புளி பிடித்தது அவர், காகிதம் பிடித்தது நான். அந்த வேலையில் காகிதமும் முக்கியம்தான். அது ஏன் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

முதலில் செயற்கைக்கோள் வானொலி என்றால் என்ன என்று இரண்டு வார்த்தை. நம்மில் சிலருக்கு வேர்ல்ட்ஸ்பேஸ் நினைவிருக்கும். எத்தியோப்பியாவில் பிறந்த நோவா சமாரா என்பவர் தொடங்கிய நிறுவனம். 2000 மார்ச்சில் ஏசியாஸ்டார் என்ற செயற்கைக்கோளை அனுப்பினார்கள். ஏ.ஆர். ரகுமான் அதற்கு விளம்பரத் தூதராக இருந்தார். கர்நாடக இசைக்கு ‘ஸ்ருதி’, தமிழ்ப் பாட்டுக்குக் ‘கே.எல். ரேடியோ’ என்று தனித்தனி அலைவரிசைகள். எங்கள் வீதியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டில் கேட்டிருக்கிறேன். கரகரப்பே இருக்காது. ஆனால் அதன் சிறிய ஆன்டெனாத் தட்டை ஜன்னல் ஓரத்தில் கிழக்கும் தென்கிழக்குமாகப் பார்க்க வைத்து, அது அசையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டுப் பிள்ளைகள் ஓடி விளையாடித் தட்டு திரும்பிவிட்டால் பாட்டு நின்றுவிடும். தாய் நிறுவனம் திவாலானதால் 2009 டிசம்பர் 31ஆம் தேதியோடு இந்தியாவில் அந்தச் சேவை முடிந்துபோனது.

வட அமெரிக்காவில் கதை வேறு. அங்கே இந்த வானொலியைக் காருக்காகவே செய்தார்கள். எக்ஸ்.எம். என்ற நிறுவனம் 2001 செப்டம்பரில் தொடங்கியது. அதில் ஆரம்பத்தில் வேர்ல்ட்ஸ்பேஸும் பணம் போட்டிருந்தது. அந்த வகையில் நம் வீதியில் கேட்டதும் அங்கே கேட்டதும் ஒரு கொடியின் இரண்டு கிளைகள். சிரியஸ் என்ற இன்னொரு நிறுவனம் 2002ல் வந்தது. 2008ல் இரண்டும் ஒன்றாகி சிரியஸ்எக்ஸ்எம் ஆனது. கனடாவுக்கு 2005ஆம் ஆண்டுக் கடைசியில் வந்தது. உரிமம் கொடுக்கும்போதே கனடாவில் தயாரான அலைவரிசைகளும் பிரெஞ்சு மொழி அலைவரிசைகளும் இருந்தாக வேண்டும் என்று அந்நாட்டு ஆணையம் நிபந்தனை போட்டது. மாதச் சந்தா கட்டினால் கண்டத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே அலைவரிசையை மாற்றாமல் கேட்டுக்கொண்டே போகலாம்.

இனி காருக்கு வருகிறேன்.

என் மாப்பிள்ளை யாழ்ப்பாணத்துக்காரர். எண்பதுகளின் கலவரக் காலத்தில் அவர் அப்பா மோன்ரேயால் போய்ச் சேர்ந்தார். உணவகத்தில் பாத்திரம் கழுவினார், பிறகு தொழிற்சாலையில் இரவு முறை பார்த்தார். வீட்டுக்காரியையும் பிள்ளையையும் வரவழைத்தார். 2000ஆம் ஆண்டில் புத்தம் புதிதாக ஒரு டொயோட்டா காம்ரி வாங்கினார். அவர் வாழ்க்கையில் வாங்கிய ஒரே புதுக் கார் அதுதான். 2014ல் அவர் காலமானார். நான் அவரை நேரில் பார்த்தது கல்யாணத்தின்போது ஒரே தடவை. அவர் போன பிறகு காரை மாப்பிள்ளை ஓட்டிக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளைக்கு வேலை வால்-தோர் என்ற ஊரில். பெயருக்குப் பொருள் தங்கப் பள்ளத்தாக்கு. உண்மையிலேயே தங்கச் சுரங்கங்கள் உள்ள ஊர். மோன்ரேயாலிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். பதினைந்து நாளுக்கு ஒரு முறை போய் வருவார். போகிற வழி 117ஆம் எண் சாலை. மோன்-லோரியே தாண்டிக் கொஞ்ச தூரத்தில் லா வெராந்திரி என்ற வனக் காப்பகத்துக்குள் சாலை நுழைகிறது. அதற்கப்புறம் நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் மேலே ஏரியும் மரமும்தான். அப்போது அங்கே செல்பேசி சிக்னல் இல்லை. எஃப்.எம். மெலிந்து மெலிந்து வெறும் இரைச்சலாகிவிடும். இருட்டில் மூஸ் என்னும் பெரிய மான் சாலைக்கு வந்து நிற்கும். குதிரையைவிட உயரம். கால் நீளமானதால் கார் மோதினால் உடல் நேரே முன்கண்ணாடியின் மேல் வந்து விழும்.

“அப்பா, பனியக்கூட நான் பயப்படல. அந்தக் காட்டுக்குள்ள தனியாப் போறப்ப அவரு கண்ணசந்துட்டா என்ன பண்றதுன்னுதான் பயம்” என்றாள் மகள். செல்பேசியில் பாட்டுப் பதிந்து கொண்டுபோகலாமே என்று கேட்டேன். கொண்டுபோய்ப் பார்த்தாராம். தெரிந்த பாட்டு அடுத்தடுத்து வரும்போது தாலாட்டுப் போல ஆகிவிடுகிறதாம். யாராவது அந்த நேரத்தில் பேசிக்கொண்டிருந்தால், ஹாக்கி ஆட்டத்தின் நேர்முக வர்ணனை ஓடிக்கொண்டிருந்தால், தூக்கம் வருவதில்லையாம். எனக்கு அது விளங்கியது. இரவுப் பணியில் இருந்த காவலாளிகள் ஏன் டிரான்சிஸ்டரை அணைக்கவே மாட்டார்கள் என்பதும் அப்போது விளங்கியது.

சரி, பொருத்திவிடலாம் என்று முடிவானது. அங்கேதான் மாப்பிள்ளை ஒரு நிபந்தனை வைத்தார்.

“மாமா, இது அப்பான்ர கார். ஓட்டை ஒண்டும் போடாமல், ஒண்டையும் வெட்டாமல் செய்யேலுமெண்டால் செய்வம். இல்லாட்டி வேண்டாம்.”

இதில் உணர்ச்சி மட்டுமில்லை, உலோகக் கணக்கும் இருக்கிறது. அந்த ஊரில் குளிர்காலம் முழுவதும் சாலையில் உப்புத் தூவுவார்கள். கூரையில் ஆன்டெனாவுக்காக ஒரு சின்னத் துளை போட்டாலும், வண்ணப்பூச்சு விட்ட இடத்தில் உப்புத் தண்ணீர் இறங்கித் துரு பிடித்துவிடும். மோன்ரேயாலில் பதினெட்டு வயதுக் கார் ஓடுகிறதென்றால், வருடா வருடம் துரு தடுக்கும் எண்ணெய் அடித்துப் பார்த்துக்கொண்டதால்தான். அந்தப் பெரியவர் ஒரு வருடம்கூடத் தவறவிடவில்லை. ரசீதெல்லாம் முன் அறைப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார். எழுத்தர் வேலை பார்த்த எனக்கு அந்த ரசீதுக் கட்டைப் பார்த்ததும் மனிதர்மேல் மரியாதை வந்துவிட்டது.

வேலையை நான் என் வழக்கப்படி காகிதத்தில் தொடங்கினேன். பிரெஞ்சுக்காரர்களிடம் ‘எத்தா தே லியே’ என்று ஒன்று உண்டு. வாடகைக்கு வீடு எடுக்கும்போது வீட்டுக்காரரும் குடிவருபவரும் சேர்ந்து ஒவ்வொரு அறையாகப் பார்த்து, சுவரில் எத்தனை ஆணி, எந்தக் கதவில் கீறல் என்று எழுதிக் கையெழுத்திடுவார்கள். காலி செய்யும் நாளில் அதே தாளை வைத்துக்கொண்டு மறுபடி ஒரு சுற்று. நம் அரசுக் குடியிருப்பிலும் சாமான் பட்டியல் வைத்து ஒப்படைப்பது உண்டல்லவா, அதுபோலத்தான். காருக்கும் அப்படி ஒன்று எழுதினேன். கூரையின் பின் ஓரம்: கீறல் இல்லை. பின் கண்ணாடி ரப்பர்: வலது மூலையில் சிறிய வெடிப்பு. ஓட்டுநர் பக்கப் படிப்பட்டை: ஒரு கிளிப் ஏற்கெனவே உடைந்தது. முன்பலகை, அதாவது பிரெஞ்சில் ‘தாப்லோ த போர்’: நடுவில் பிள்ளையார், பசை போட்டு ஒட்டியது. ஒலிப்பெட்டி: வேலை செய்கிறது, உள்ளே ஒரு கேசட்.

ஒவ்வொன்றுக்கும் மாப்பிள்ளை செல்பேசியில் படம் எடுத்தார். நானும் அவரும் கையெழுத்திட்டோம். மகள் சிரித்தாள். சிரிக்கட்டும். பழைய காரில் கைவைக்கும் முன் இப்படி எழுதிக்கொண்டால் இரண்டு நன்மை. எதை எந்த வரிசையில் கழற்றினோம் என்பது மறக்காது. முன்பே உடைந்திருந்ததை நாம்தான் உடைத்தோமோ என்ற சந்தேகமும் வராது.

பொருத்துவதில் நான்கு கேள்விகள். ஆன்டெனா எங்கே, கம்பி எந்த வழியே, கருவி எதில் நிற்கும், ஒலி எப்படிக் காரின் ஒலிபெருக்கிக்குப் போய்ச் சேரும். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஆன்டெனா என்பது தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கறுப்புத் துண்டு. அடியில் காந்தம். செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே நிற்பதால், அவ்வளவு வடக்கே உள்ள கனடாவிலிருந்து பார்த்தால் அது தெற்கு வானத்தில் சரிந்து தெரியும். தெற்குப் பக்கம் குன்றோ அடர்ந்த மரமோ இருந்தால் ஒலி விட்டுவிட்டு வரும். நகரத்துக்குள் உயரக் கட்டடங்கள் மறைப்பதைச் சரிக்கட்டத் தரையிலேயே துணைக் கோபுரங்கள் வைத்திருக்கிறார்கள். காட்டுக்குள் அது கிடையாது. அதனால் ஆன்டெனாவைக் காருக்குள்ளே முன்பலகைமேல் வைத்துச் சமாளிப்பதைவிடக் கூரைமேல் வைப்பதே சரி. கூரையின் பின் ஓரத்தில், நடுவாக, விளிம்பிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்தோம். அடியில் இரும்புத் தகடு இருந்தால் சிக்னல் நன்றாகப் பிடிக்கும் என்று கையேட்டிலும் போட்டிருந்தது. கண்ணாடிக் கூரையோ அலுமினியக் கூரையோ உள்ள வண்டியில் காந்தம் ஒட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வைக்கும் முன் அந்த இடத்தையும் காந்தத்தின் அடிப்பக்கத்தையும் நன்றாகத் துடைக்க வேண்டும். நடுவில் ஒரு மணல் துகள் இருந்தால்கூட வருடம் முழுவதும் வண்டி அதிர அதிர வண்ணப்பூச்சில் வட்டமாகக் கீறிவிடும். ஒரு முறை வைத்த பிறகு இழுத்து நகர்த்தக் கூடாது. தூக்கித்தான் எடுக்க வேண்டும். பனியைத் துடைப்பத்தால் தள்ளும் நாட்களில் இதை மறக்கவே கூடாது.

அடுத்தது கம்பி. ஆன்டெனாவோடு ஆறேழு மீட்டர் நீளத்துக்கு மெல்லிய கம்பி வருகிறது. அது நீளம் என்று நறுக்கிவிடக் கூடாது. நறுக்கினால் ஆன்டெனா வீண். பின் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பருக்கு அடியில் கம்பியை விரலால் அழுத்தி அழுத்திச் செருகிக்கொண்டு கீழே வந்தோம். அங்கிருந்து டிக்கிக்குள் நுழைய வேண்டும். டிக்கி வாயைச் சுற்றி ரப்பர்ப் பட்டை இருக்கும். கம்பியை அதன் மேல்புறமாக உள்ளே விட்டால் மழைத் தண்ணீர் கம்பியைப் பிடித்துக்கொண்டே உள்ளே வரும். ரப்பரின் வெளிப்புறமாகவே கொண்டுபோய், மிகத் தாழ்ந்த இடத்துக்கு இறக்கி, அங்கே சற்றுத் தொங்கவிட்டு, அதற்கப்புறம் உள்ளே ஏற்ற வேண்டும். தொங்கும் வளைவில் தண்ணீர் சொட்டிக் கீழே போய்விடும். நம் வீட்டு மின்கம்பி சுவரில் நுழையும் முன் ஒரு வளைவு வைப்பார்களே, அதே நியாயம்தான்.

டிக்கியிலிருந்து பின் இருக்கைக்கு அடியில், பிறகு கதவோரப் படிப்பட்டைக்கு அடியில், முன்னே. பின் இருக்கையின் அமரும் பகுதி கொக்கிகளில்தான் நின்றது. இழுத்தால் கையோடு வந்தது. படிப்பட்டைதான் ஆபத்தான இடம். பதினெட்டு வருடப் பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி. குளிரில் தொட்டால் கிளிப்புகள் பொடிப்பொடியாகும். ஆகவே ஜூலை மாத நண்பகலில், வண்டியை வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திவைத்து, பிளாஸ்டிக் இளகிய பிறகுதான் கைவைத்தோம். நெம்புவதற்கு இரும்புத் திருப்புளி கூடவே கூடாது. இதற்கென்றே மழுங்கிய பிளாஸ்டிக் நெம்புகோல்கள் மலிவாக விற்கிறார்கள். ஒரு கிளிப்பைக் கண்டுபிடித்து அதன் பக்கத்திலேயே கொடுத்து மெதுவாகத் தூக்க வேண்டும். நடுவில் பிடித்து இழுத்தால் பட்டையே முறியும்.

இன்னொரு எச்சரிக்கை. இருக்கைக்கு அடியிலும் தூண்களின் உறைக்குள்ளும் மஞ்சள் நிற இணைப்பிகளோ மஞ்சள் உறை போட்ட கம்பிகளோ தெரிந்தால் தொடாதீர்கள். அவை காற்றுப்பையுடையவை. முன்கண்ணாடித் தூண் வழியே கம்பி விடுவது சுலபம் என்று சிலர் சொல்வார்கள். பல வண்டிகளில் அந்த உறைக்குள்ளேதான் காற்றுப்பை மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. விபத்தில் அது விரியும்போது குறுக்கே கம்பி கிடந்தால் உயிர் காக்க வைத்ததே வினையாகிவிடும். நாங்கள் அந்த வழியை எடுக்கவில்லை. மீந்த கம்பியைப் பெரிய வளையமாகச் சுருட்டித் துணி நாடாவால் கட்டி டிக்கி ஓரத்தில் வைத்தோம்.

கருவியை நிறுத்துவது மூன்றாவது கேள்வி. பெட்டியோடு வந்தது ஒட்டும் தாங்கியும் காற்றுத் துவாரத்தில் மாட்டும் தாங்கியும். ஒட்டுவதை உடனே தள்ளிவிட்டோம். பழைய முன்பலகையில் ஒட்டிவிட்டு, பிறகு ஒருநாள் பிய்த்தால் மேல் தோலும் கூடவே வரும். காற்றுத் துவாரத்தின் இதழ்கள் இந்த வயதில் பாரம் தாங்காது. கடைசியில் கோப்பை வைக்கும் குழியில் இறுகி நிற்கும் ஒரு தாங்கியைக் கடையில் கண்டுபிடித்தோம். அடிப்பாகத்தைத் திருகினால் விரிந்து குழிக்குள் பிடித்துக்கொள்ளும். திருப்பித் திருகினால் வந்துவிடும். குறை ஒன்றே, கருவி கண்மட்டத்துக்குக் கீழே போய்விடும். அதனால் புறப்படும் முன்பே அலைவரிசைகளைக் குறித்து வைத்துவிட வேண்டும், ஓடும் வண்டியில் குனிந்து பார்க்கக் கூடாது என்று மகள் சட்டம் போட்டாள்.

மின்சாரம் சிகரெட் பற்றவைக்கும் துளையிலிருந்து. சாவியை எடுத்ததும் கருவி அணைகிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். அணையாவிட்டால் இரவோடு இரவாக பேட்டரி இறங்கிவிடும்.

நான்காவது கேள்விதான் எங்களை நிறுத்திவிட்டது. 2000ஆம் ஆண்டு வண்டியில் வெளிக்கருவியைச் செருகும் துளை கிடையாது. புளூடூத் கிடையாது. இப்படிப்பட்ட காருக்கு எல்லோரும் சொல்வது கேசட் வடிவ இணைப்பி. பார்க்கக் கேசட் மாதிரியே இருக்கும், உள்ளே நாடா இருக்காது, ஒரு கம்பி வெளியே வரும். செருகினால் போதும், ஒலி சுத்தமாகவும் இருக்கும். எதையும் வெட்ட வேண்டாம். பத்து டாலரில் முடிகிற வேலை.

ஆனால் பெட்டிக்குள் ஒரு கேசட் இருந்ததே. என் பட்டியலிலேயே எழுதியிருந்தேன். “அதை வெளியே எடுத்துட்டா?” என்று கேட்டேன்.

மாப்பிள்ளை உடனே பதில் சொல்லவில்லை. அப்பா ஆஸ்பத்திரிக்குப் போன அன்று ஓட்டிக்கொண்டு போனது இந்தக் காரைத்தானாம். அன்று உள்ளே இருந்தது அது. என்ன கேசட் என்று அவருக்கும் தெரியாது. நான்கு வருடமாக யாரும் பொத்தானைத் தொடவில்லை. அவ்வளவு காலம் ஒரே இடத்தில் நின்ற நாடா உருளையோடு ஒட்டியிருக்கலாம். வெளியே தள்ளும்போது சிக்கி அறுந்தாலும் அறும்.

“அது அப்பிடியே கிடக்கட்டும் மாமா” என்றார்.

ஆகவே அந்த வழி மூடியது. மீந்தவை இரண்டு. ஒலிப்பெட்டியை வெளியே இழுத்து, பின்னால் ஆன்டெனாக் கம்பிக்கு நடுவில் ஓர் இணைப்பியைச் செருகுவது ஒன்று. இதிலும் வெட்டு இல்லை. ஆனால் முன்பலகையின் சட்டத்தைக் கழற்ற வேண்டும், வயதான பிளாஸ்டிக், அதன் தலைமேலேயே பிள்ளையார். இன்னொன்று, கருவியில் உள்ள சின்ன எஃப்.எம். ஒலிபரப்பியைப் பயன்படுத்துவது. காருக்குள் சில அடி தூரத்துக்கு மட்டும் கேட்கும் ஒலிபரப்பு அது. காரின் வானொலியை அதே எண்ணில் வைத்தால் பாடும். ஒன்றையும் தொட வேண்டாம். ஆனால் அந்த எண்ணில் வேறு நிலையம் இருக்கக் கூடாது. மோன்ரேயாலில் எஃப்.எம். வரிசை திருவிழாக் கூட்டம். ஒரு எண்ணைப் பிடித்தால் நாலு தெரு தள்ளி வேறு நிலையம் ஏறிவிடுகிறது.

நான் யோசித்தது இதுதான். நமக்கு வானொலி வேண்டியது மோன்ரேயாலில் அல்ல. ஊருக்குள் ஓட்டும்போது சாதாரண எஃப்.எம். போதும். எங்கே அது செத்துப்போகிறதோ அங்கேதான் இது வேண்டும். அங்கேயோ எல்லா எண்ணும் காலி! நகரத்தில் குறையாகத் தெரிந்தது காட்டில் குறையே இல்லை. மாப்பிள்ளை அடுத்த பயணத்தில் காப்பக வாசலில் வண்டியை நிறுத்தி, அமைதியாக இருந்த எண் ஒன்றைத் தேர்ந்து அதில் கருவியை நிலைநிறுத்திக்கொண்டார்.

கருவியை உயிர்ப்பிக்கும் வேலை வாசலிலேயே நடந்தது. பூஜ்யம் என்ற அலைவரிசைக்குப் போனால் கருவியின் அடையாள எண் திரையில் வரும். அதை நிறுவனத்துக்குச் சொல்லிச் சந்தா கட்டி, திறந்த வானத்தின் கீழே வண்டியை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். கையேடு அந்நாட்டு வழக்கப்படி ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருந்தது. மாப்பிள்ளை ஆங்கிலப் பக்கத்தையும் நான் பிரெஞ்சுப் பக்கத்தையும் படித்துக்கொண்டே போனோம். முதன்முதலில் வந்த குரல் பிரெஞ்சுச் செய்தி. அறுபது வருடத்துக்கு முன் லிசேவில் எங்கள் ஆசிரியர் திருத்தித் திருத்திச் சொல்லிக் கொடுத்த உச்சரிப்புக்கும் கெபெக் உச்சரிப்புக்கும் தூரம் அதிகம். ஆனாலும் ஒரு வாக்கியமும் தப்பவில்லை.

செப்டம்பரில் ஒரு தடவை நானும் கூடப் போனேன். காப்பகத்துக்குள் நுழைந்ததும் செல்பேசிக் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து மறைந்தன. வானொலி நிற்கவில்லை. தெற்கே குன்று மறைத்த இரண்டு மூன்று வளைவுகளில் சில நொடி மௌனம், பிறகு விட்ட இடத்திலிருந்து பேச்சு. மாப்பிள்ளை ஹாக்கி வர்ணனை கேட்டுக்கொண்டே ஓட்டினார். எனக்கு அந்த ஆட்டம் தலைகால் புரியவில்லை. அவர் கண் சாலையில் விழிப்பாக இருந்தது. எனக்கு அது போதும். அன்று இரவு சேர்ந்ததும் மகளுக்குப் போன் செய்து அதைத்தான் சொன்னேன்.

இங்கே நம் ஊரில் இப்போது அப்படிப்பட்ட வானொலி இல்லை. பிறகு ஏன் இவ்வளவு விவரம் என்று கேட்கலாம். உங்கள் வீட்டில் அப்பா ஓட்டிய அம்பாசிடரோ, முதல் சம்பளத்தில் வாங்கிய மாருதி 800ஓ நின்றுகொண்டிருக்கலாம். பேரப்பிள்ளை அதில் புளூடூத் பெட்டியோ பின்பக்கக் கேமராவோ வைக்கச் சொல்லியிருக்கலாம். கடையில் விட்டால் என்ன நடக்கிறது என்று பார்த்திருக்கிறேன். பழைய பெட்டியின் கம்பிகளைக் கட்டிங் பிளேயரால் கத்தரித்து, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றிவிடுகிறார்கள். வெயிலில் டேப்பின் பசை உருகி வழன்றுபோகும். இரண்டு செம்பு நரம்புகள் உரசினால் புகை. வண்டியின் இணைப்பிக்குப் பொருந்தும் மாற்று இணைப்பிகள் பல வண்டிகளுக்குத் தனியாகக் கிடைக்கின்றன, கேட்டு வாங்குங்கள். கத்தரிப்பதற்கு முன் கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நாளைக்கு இதை எடுத்துவிட்டால் வண்டி பழையபடி இருக்குமா? அவர் தயங்கினால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

2021ல் அந்தக் காம்ரியின் அடித்தளச் சட்டத்தில் துரு ஆழமாக இறங்கிவிட்டது என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். இனி நெடுஞ்சாலைக்கு ஆகாது. நான் அப்போது புதுச்சேரியில் இருந்தேன், கொரோனாக் காலம். பழைய வண்டி வாங்குபவர் வருவதற்கு முதல் நாள் மாப்பிள்ளை வாட்ஸ்அப்பில் வீடியோ போட்டுக் கூப்பிட்டார். என் நகல் என்னிடம் இருந்தது. ஒவ்வொரு வரியாக நான் படிக்க, அவர் காட்டினார். கூரையின் பின் ஓரம்: கீறல் இல்லை. ரப்பரின் வலது மூலை: அதே பழைய வெடிப்பு. படிப்பட்டை: உடைந்தது அதே ஒரு கிளிப். முன்பலகை: பிள்ளையார். வானொலிக் கருவி பெட்டிக்குள் போய், அடுத்த காருக்குத் தயாராக இருந்தது.

கடைசி வரி, ஒலிப்பெட்டி. அதற்கு அவர் பதில் சொல்லாமல் திருப்புளியை எடுத்தார். இனி முன்பலகை முறிந்தாலும் பாதகமில்லை என்பதால் சட்டத்தைக் கழற்றிப் பெட்டியை முழுதாக வெளியே இழுத்தார். பின்னால் தொழிற்சாலை இணைப்பிகளும் ஆன்டெனா முனையும். ஒரு கம்பியும் வெட்டுப்பட்டதில்லை. எல்லாவற்றையும் கையாலேயே பிடுங்கி எடுத்துவிட்டார். கேசட் உள்ளேயே இருந்தது.

இப்போது அந்தப் பெட்டி அவர்கள் வீட்டு நிலவறை அலமாரியில், துணி சுற்றி, ரசீதுக் கட்டோடு இருக்கிறது. இணைப்பிகள் முழுதாக இருப்பதால் ஒரு பேட்டரியும் இரண்டு ஒலிபெருக்கியும் கொடுத்தால் மின்சாரம் ஏறும். நாடா ஓடுமா என்பது வேறு விஷயம். எப்போது போட்டுப் பார்ப்பது என்பதை மாப்பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும். நான் கேட்கவில்லை.